மினி ஐடிஎக்ஸ் போர்டில் ஓவர்கிளாக்: எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும்

ஓவர்கிளாக் (பிராசஸரையும் ரேமையும் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) சொல்லித்தரும் வீடியோக்களில் பெரும்பாலானவை, பெரிய ஏடிஎக்ஸ் மதர்போர்டை மேசைமேல் திறந்து வைத்து எடுத்தவை. அதில் வரும் எண்களை அப்படியே 170க்கு 170 மி.மீ. அளவுள்ள மினி ஐடிஎக்ஸ் போர்டில் போட்டு, சின்னப் பெட்டிக்குள் மூடி வைத்தால் கதையே வேறு. முதல் பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக ஓடும். அப்புறம் வேகம் தானாக இறங்கும், சில சமயம் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், ஏன் என்று தேடுவதிலேயே நாட்கள் போய்விடும். அப்படித் தேடி அலைந்து தெரிந்துகொண்டவற்றை, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பெரிய போர்டில் 'எத்தனை கிகாஹெர்ட்ஸ் போகும்?' என்று கேட்கலாம். சின்ன போர்டில் 'எத்தனை வாட் வெப்பத்தை என் பெட்டி வெளியே தள்ளும்?' என்றுதான் கேட்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியை ஒட்டியே போகும்.

1. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்

போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதிலுள்ள கட்டுப்பாட்டுச் சிப்பான சிப்செட் விடாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பணம் கட்டும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்டெல்லில் மல்டிபிளையரை (அடிப்படை வேகத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) உயர்த்த இரண்டும் வேண்டும்: பெயரில் எண்ணுக்குப் பின் 'கே' வரும் பிராசஸர், 'இசட்' என்று தொடங்கும் சிப்செட். பி660, பி760 போர்டுகளில் பிராசஸர் வேகத்தை உயர்த்த முடியாது, ரேம் வேகத்தை உயர்த்தலாம். எச்610ல் இரண்டுமே கிடையாது.

ஏஎம்டி கொஞ்சம் தாராளம். பி450, பி550, பி650, பி850, எக்ஸ் வரிசை எல்லாவற்றிலும் ஓவர்கிளாக் செய்யலாம். ஏ320, ஏ520, ஏ620 வரிசையில் பிராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. பிராசஸர் பக்கமும் ஒரு விதிவிலக்கு உண்டு: ரைசன் 7 5800எக்ஸ்3டி பூட்டப்பட்டது. 7000 வரிசை எக்ஸ்3டி சிப்களில் மல்டிபிளையரைத் தொட முடியாது, ஆனால் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் வேலை செய்யும். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில்தான் அந்தப் பூட்டை எடுத்தார்கள்.

பிராண்டட் சின்ன டெஸ்க்டாப்பின் உள்ளே இருக்கும் போர்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெரும்பாலானவற்றின் பயாஸில் (போர்டின் அமைப்புகளை மாற்றும் உள் மென்பொருள்) ஓவர்கிளாக் மெனுக்களே இருக்காது. 19 வோல்ட் அடாப்டரில் ஓடும் மெலிந்த போர்டுகளும் அப்படித்தான். அடாப்டரின் வாட்தான் அவற்றுக்கு எல்லை.

2. கையில் என்னென்ன ஆவணங்கள் வேண்டும்

போர்டின் முழு மேனுவலைப் பிடிஎஃப்பாக இறக்கி, போனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்ப்யூட்டரிலேயே வைத்தால், அது பூட் ஆகாத நேரத்தில் யார் திறந்து காட்டுவது? மேனுவலில் மூன்று பக்கங்களுக்குக் குறி வைக்கவும்: சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது) செய்யும் இடம், மானிட்டர் இல்லாமல் பயாஸ் ஏற்ற உதவும் யுஎஸ்பி போர்ட், பிழை விளக்குகளின் அர்த்தம்.

அடுத்து, தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் போர்டுக்கான இரண்டு பட்டியல்கள். ஒன்று எந்த பிராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்பது. மற்றொன்று எந்த ரேமை எந்த வேகத்தில் சோதித்தார்கள் என்பது. ரேம் பட்டியலில் உங்கள் மாடல் எண் கடைசி எழுத்து வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் இரண்டு ரேமுக்குள் வேறு வேறு சிப் இருப்பது சாதாரணம்.

வாரண்டி விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். நிர்ணயித்த அளவைத் தாண்டி ஓட்டியதால் வரும் சேதத்துக்கு இன்டெல்லும் சரி, ஏஎம்டியும் சரி, பொறுப்பேற்பதில்லை. பலருக்குத் தெரியாதது, ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்குக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ப்ரொஃபைலை ஆன் செய்வதும் ஓவர்கிளாக் கணக்கில்தான் வரும். பணம் வாங்கிக்கொண்டு இன்டெல் தந்துவந்த ஓவர்கிளாக் பாதுகாப்புத் திட்டமும் 2021ல் நிறுத்தப்பட்டுவிட்டது.

கடைசியாக, பலர் மறந்துவிட்டுப் பிறகு தலையில் கை வைக்கும் விஷயம்: பிட்லாக்கர் ரெகவரி கீ. விண்டோஸ் டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருந்தால், பயாஸ் அப்டேட்டோ சிமாஸ் கிளியரோ செய்த பிறகு அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் போனது போனதுதான். தாளில் எழுதி வையுங்கள். அப்படியே பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும், எதையும் மாற்றும் முன், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

3. விஆர்எம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

சின்ன போர்டின் உண்மையான எல்லை இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

பிராசஸர் சாக்கெட்டுக்கும் பின்பக்க போர்ட்களுக்கும் நடுவே ஒரு அலுமினியக் கட்டி இருக்கும். அதன் கீழே வரிசையாகச் சின்னக் கறுப்புச் சதுரங்கள், பக்கத்தில் சாம்பல் நிறக் கனசதுரங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை பிராசஸர் கேட்கும் ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கும் பகுதி இது, பெயர் விஆர்எம். 200 வாட் இழுக்கும் பிராசஸருக்கு 1.25 வோல்ட் கொடுத்தால் ஓடும் கரண்ட் 160 ஆம்பியர். இந்தப் பகுதி 90 சதவீதத் திறனோடு வேலை செய்தாலும், சுமார் 22 வாட் அங்கேயே வெப்பமாகிவிடும். பெரிய போர்டில் அந்த 22 வாட்டைப் பிரித்துக்கொள்ள நீளமான ஹீட்சிங்க் இருக்கும். மினி ஐடிஎக்ஸில் இருப்பதெல்லாம் கட்டைவிரல் அளவுக் கட்டிதான்.

ஃபேஸ் என்பது விஆர்எம்மில் கரண்டைப் பிரித்துச் சுமக்கும் கிளை. விளம்பரத்தில் '10+1 ஃபேஸ், ஒவ்வொன்றும் 60 ஆம்பியர்' என்று போட்டிருப்பதைப் பெருக்கி, '600 ஆம்பியர் தாங்கும்' என்று மகிழாதீர்கள். அந்த எண், ஃபேஸில் உள்ள சிப் தனியாக, நல்ல குளிர்ச்சியில் இருக்கும்போது தாங்கும் அளவு. இன்றைய நடுத்தர, உயர்தர ஐடிஎக்ஸ் போர்டுகளில் கரண்ட் பற்றாக்குறை என்பது அபூர்வம். வெப்பம் வெளியேற இடமில்லாததுதான் பிரச்சினை. அதனால் ஃபேஸ் எண்ணிக்கையை விட ஹீட்சிங்க்கின் எடை, அதன் மேல் காற்று படுகிறதா, ஹீட்சிங்க் சிப்களை முழுதாக மூடுகிறதா என்பதுதான் முக்கியம். ஹீட்சிங்கே இல்லாத மலிவு போர்டு என்றால், 65 வாட் பிராசஸரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் விஆர்எம் வெப்பநிலை தெரியும். சில போர்டுகளில் மட்டும் சென்சார் இருக்காது. முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடிய பிறகும் 90 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 100ஐத் தொட்டால் வாட்டைக் குறையுங்கள். சிப்கள் அதற்கு மேலும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர்களும், அதே போர்டின் அடியில் ஒட்டியிருக்கும் எஸ்எஸ்டியும் தாங்க வேண்டுமே.

விஆர்எம் சூடாகிவிட்டால் அது பிராசஸரை மெதுவாக்கும்படி சிக்னல் அனுப்பும். அப்போது பிராசஸர் வெப்பம் 70 டிகிரிதான் காட்டும், வேகம் மட்டும் அதலபாதாளத்துக்குப் போய்விடும். கூலரைக் கழற்றித் தெர்மல் பேஸ்ட் மாற்றி மாற்றிப் பூசுபவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான்.

4. பெட்டியும் கூலரும்

தட்டையான சின்ன கூலர்கள் சில 37 மி.மீ. உயரம்தான் இருக்கும். அவற்றோடு ஓவர்கிளாக் என்ற பேச்சே வேண்டாம். ஆறாவது படியில் சொல்லும், வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட்தான் உங்கள் வழி. 70 மி.மீ. அளவில், கீழ்நோக்கிக் காற்று தள்ளும் கூலர் என்றால் பிராசஸரோடு விஆர்எம், ரேம் மேலும் காற்று படும். ஐடிஎக்ஸுக்கு எனக்குப் பிடித்தது இந்த வகைதான்.

வாட்டர் கூலர் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். பிராசஸர் குளிரும், உண்மை. ஆனால் சாக்கெட்டைச் சுற்றிக் காற்றே இல்லாமல் போவதால் விஆர்எம் முன்பை விடச் சூடாகும். ரேடியேட்டர் ஃபேனின் காற்று சாக்கெட் பக்கம் வரும்படி அமைக்க முடியாவிட்டால், 40 மி.மீ. ஃபேன் ஒன்றை அந்த ஹீட்சிங்க் பக்கம் திருப்பி வையுங்கள்.

கிராபிக்ஸ் கார்டை நீட்டிப்புக் கேபிளில் மாட்டும் பெட்டியா? அப்படியானால் பயாஸில் பிசிஐஇ (கார்டின் இணைப்புப் பாதை) வேகத்தை 'ஆட்டோ'வில் விடாமல், கேபிள் தாங்கும் தலைமுறைக்கு நீங்களே அமைத்துவிடுங்கள். மூன்றாம் தலைமுறைக் கேபிளில் நான்காம் தலைமுறை வேகம் ஓடினால் திரை கறுத்துப்போகும், மெஷின் தொங்கும். பழி ஓவர்கிளாக் மேல் விழும்.

5. செலவு எங்கே, மிச்சம் எங்கே

ஒரே சிப்செட் என்றாலும் ஏடிஎக்ஸை விட ஐடிஎக்ஸ் போர்டு விலை கூடுதல். அதற்கு மேல் ஓவர்கிளாக் வசதிக்காக 'இசட்' சிப்செட்டும் 'கே' பிராசஸரும் வாங்கினால் பணம் இரண்டு பக்கமும் கரையும். பத்து லிட்டருக்குக் குறைவான பெட்டி என்றால் அந்தக் கூடுதல் பணத்துக்கு ஈடான பலன் கிடைக்காது என்பது என் கருத்து. அதை நல்ல கூலரிலும் நல்ல ரேமிலும் போடுங்கள்.

சோதனை மென்பொருள்களுக்கு அனேகமாகச் செலவே இல்லை. சினிபெஞ்ச், பிரைம்95, எச்டபிள்யூஇன்ஃபோ, கோர்சைக்ளர் எல்லாம் இலவசம். ஓசிசிடி, மெம்டெஸ்ட்86 இரண்டிலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு உண்டு. பயாஸ் ஏற்ற ஒரு யுஎஸ்பி டிரைவ், நல்ல பேஸ்ட், ஒரு சிஆர்2032 பேட்டரி வாங்கி வைத்தால் போதும்.

6. பிராசஸர்: முதலில் குறையுங்கள், பிறகு கூட்டுங்கள்

எதையும் தொடும் முன் இருக்கிற நிலையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியை மூடிய நிலையில், சினிபெஞ்ச்சை அரை மணி நேரம் ஓடவிட்டு, முதல் சுற்று மதிப்பெண்ணையும் கடைசிச் சுற்று மதிப்பெண்ணையும் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் உங்கள் மெஷின் ஏற்கெனவே எல்லையில்தான் நிற்கிறது. அதற்கு மேல் வோல்டேஜ் ஏற்றுவது வெப்பத்தைத்தான் கூட்டும்.

ஏன் குறைக்கச் சொல்கிறேன்? பிராசஸரின் மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் இருமடியோடும் ஏறும். 4.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.0க்குப் போக வோல்டேஜை 1.20லிருந்து 1.30க்கு ஏற்ற வேண்டியிருந்தால், கிடைப்பது 4 சதவீத வேகம், கொடுப்பது சுமார் 22 சதவீதக் கூடுதல் வாட். பெரிய பெட்டியில் இது சமாளிக்கக்கூடிய வியாபாரம். சின்னப் பெட்டியில் அந்த 22 சதவீதமே மெஷினைச் சூடாக்கி, கிடைத்த 4 சதவீதத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

ஏஎம்டி வைத்திருப்பவர்கள்: ஏஎம்5 சாக்கெட்டில் 170 வாட் சிப் உண்மையில் 230 வாட் வரை இழுக்கும், 105 வாட் சிப் 142 வரை, 65 வாட் சிப் 88 வரை. பயாஸில் பிபிஓ என்ற ஏஎம்டி ஓவர்கிளாக் மெனுவுக்குப் போய், பிராசஸர் இழுக்கும் உச்ச வாட்டான பிபிடி மதிப்பை உங்கள் கூலருக்கு ஏற்ற மாதிரி நீங்களே எழுதுங்கள். பிறகு கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 கொடுத்துத் தொடங்கி, ஐந்து ஐந்தாக இறக்குங்கள். ஒரு எண்ணிக்கை என்பது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். அதே வாட்டுக்குள் வேகம் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மைனஸ் அதிகமாகிவிட்டால் முழுச் சுமையில் மெஷின் விழாது. சும்மா இருக்கும்போதோ, பிரவுசர் திறக்கும்போதோ திடீரென ரீஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்கு எகிறுவது அப்போதுதான். இதைப் பிடிக்கவே கோர்சைக்ளர் இருக்கிறது. ஒவ்வொரு கோராகத் தனியே சோதித்து எந்தக் கோர் தடுமாறுகிறது என்று சொல்லிவிடும். அந்தக் கோருக்கு மட்டும் மைனஸைக் குறைத்தால் போதும்.

இன்டெல் வைத்திருப்பவர்கள்: பவர் லிமிட் இரண்டையும் முதலில் பாருங்கள். பல போர்டுகளில் அது 4095 வாட் என்று இருக்கும், அதாவது எல்லையே இல்லை. கோர் ஐ9-13900கேவுக்கு இன்டெல் சொல்வது 125 வாட் நீடித்த அளவு, 253 வாட் உச்சம். ஐடிஎக்ஸில் இந்த உச்சத்தையும் உங்கள் கூலர் தாங்கும் அளவுக்கு இறக்கி எழுதுங்கள். வோல்டேஜைக் குறைத்த பிறகு வெப்பம் குறைந்து, மதிப்பெண்ணும் கூடவே விழுந்தால், சிஇபி என்ற பாதுகாப்பு குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். எச்டபிள்யூஇன்ஃபோவில் 'எஃபெக்டிவ் கிளாக்' (உண்மையில் ஓடும் வேகம்) என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப் என்றால் வேறு எதற்கும் முன்பாக பயாஸை அப்டேட் செய்யுங்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுச் சிப்பே பழுதாகும் சிக்கலுக்கு 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. அந்தச் சிப்களின் வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது.

இரண்டு தரப்புக்கும் பொதுவாக: சுமையில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் லோட்லைன் கேலிப்ரேஷனை நடு நிலைக்கு மேல் ஏற்றாதீர்கள். பேஸ் கிளாக்கை (மல்டிபிளையர் பெருக்கும் அந்த அடிப்படை வேகம்) 100 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். பல போர்டுகளில் அதை நகர்த்தினால் எஸ்எஸ்டி ஓடும் பாதையும் சேர்ந்து நகர்ந்து, ஃபைல்கள் கெட்டுப்போகும்.

7. ரேம்: சின்ன போர்டு ஜெயிக்கும் இடம்

இவ்வளவு நேரம் குறையாகவே சொன்னேன். ரேம் விஷயத்தில் மட்டும் ஐடிஎக்ஸ் ஒரு படி மேல். இரண்டே ஸ்லாட், ஒரு சேனலுக்கு ஒன்று, அதுவும் பிராசஸருக்குப் பக்கத்திலேயே. நான்கு ஸ்லாட் போர்டில் காலியாகக் கிடக்கும் ஸ்லாட்கள் சிக்னலைக் கெடுக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஓவர்கிளாக் போட்டிக்காரர்களுக்கென்று செய்யும் பெரிய போர்டுகளிலும் இதே காரணத்தால் இரண்டு ஸ்லாட்தான் வைக்கிறார்கள்.

ஏஎம்5ல் டிடிஆர்5-6000, அதற்கு முந்தைய ஏஎம்4ல் டிடிஆர்4-3600 என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம். அதற்கு மேல் போகலாம், ஆனால் உழைப்புக்கேற்ற பலன் குறைந்துகொண்டே வரும். ஏஎம்5ல் எக்ஸ்போ ஆன் செய்ததும் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள் ரேம் கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போவது) எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். 2023ல் சில சிப்கள் எரிந்துபோன பிறகு, அதற்கு 1.30 வோல்ட் என்று ஏஎம்டி உச்சவரம்பு வைத்தது. உங்கள் பயாஸ் அதற்கு முந்தையது என்றால், எக்ஸ்போ பக்கமே போகாமல் முதலில் அப்டேட் செய்யுங்கள்.

சேமித்து வெளியே வந்ததும் திரை கறுப்பாகவே இருக்கும். ரேம் பயிற்சி நடக்கிறது, அதாவது ரேமோடு பேசச் சரியான அமைப்பைப் போர்டு தேடுகிறது. டிடிஆர்5ல் இது சில நிமிடங்கள் எடுக்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து, பதினைந்து நிமிடம் வரை கை கட்டி உட்காருங்கள்.

ரேமைச் சோதிக்கும்போது கிராபிக்ஸ் கார்டையும் சூடாக்குங்கள். சின்னப் பெட்டியில் கார்டின் வெப்பக் காற்று நேராக ரேம் மேல் அடிக்கும். தனியாக இரவு முழுக்கச் சோதனையில் தேறிய ரேம், விளையாட்டு நடுவே 55, 60 டிகிரியைத் தாண்டியதும் பிழை காட்டத் தொடங்கலாம். டிடிஆர்5 ரேமிலேயே வெப்பச் சென்சார் இருக்கிறது, பாருங்கள்.

8. எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்

ஒரு வார இறுதியை முழுதாக ஒதுக்கிவிடுங்கள். பிராசஸரையும் ரேமையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பிழை வந்தால் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சினிபெஞ்ச் பத்து நிமிடம் போதும். ஒரு மதிப்பில் நிற்கலாம் என்று தோன்றினால் ஓசிசிடி ஒரு மணி நேரம், கோர்சைக்ளர் ஒரு இரவு, ரேமுக்கு மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று. ரேம் அளவைப் பொறுத்து அது மட்டுமே பல மணி நேரம் பிடிக்கும்.

சோதனையில் தேறிவிட்டாலும் விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் வன்பொருள் தடுமாற்றத்தைக் காட்டும் 'வியா லாகர்' பிழைகள் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒன்று இருந்தாலும் ஒரு படி பின்வாங்குங்கள்.

9. பூட் ஆகாவிட்டால்

முதலில் காத்திருங்கள். பல போர்டுகள் சில முறை தோற்ற பிறகு தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பவர் கேபிளைப் பிடுங்கி, சிமாஸ் கிளியர் செய்ய வேண்டும். பின்பக்கம் அதற்கென்று பட்டன் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. இல்லையென்றால் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில விநாடிகள் தொட்டு இணைக்க வேண்டும். ஐடிஎக்ஸில் அந்தப் பின்கள் கிராபிக்ஸ் கார்டுக்கும் கேபிள் கட்டுக்கும் நடுவே புதைந்திருக்கும். பேட்டரியும் வழக்கமான வட்டக் கூட்டில் படுத்திருக்காது. பல போர்டுகளில் அதைக் கறுப்பு உறையில் சுற்றி, ஒரு சின்ன ஒயர் போட்டு, பின்பக்க போர்ட் மூடிக்குள் ஒட்டி வைத்திருப்பார்கள். போர்டைப் பெட்டிக்குள் மாட்டும் முன்பே இரண்டும் எங்கே என்று பார்த்து, முடிந்தால் அந்தப் பின்களுக்கு நீளமான ஒயர் மாட்டி வெளியே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. முடிந்த பிறகு

கடைசி மதிப்புகளை பயாஸ் ப்ரொஃபைலாக மட்டும் சேமித்தால் போதாது. பயாஸ் அப்டேட் செய்யும்போது அந்த ப்ரொஃபைல் அழிந்துவிடும், அல்லது புதிய பதிப்பு அதை ஏற்காது. எண்களைத் தாளில் எழுதி, பிட்லாக்கர் கீ இருக்கும் தாளோடு சேர்த்து வையுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அந்த எண்களை ஒன்றாக அள்ளிப் போடாமல், முதலில் பவர் லிமிட், அடுத்து கர்வ் அல்லது வோல்டேஜ், கடைசியில் ரேம் என்று ஏற்றுங்கள். வெயில் காலம் தொடங்கும்போது அந்த அரை மணி நேர சினிபெஞ்ச்சை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அறை பத்து டிகிரி கூடினால் விஆர்எம்மும் ஏறத்தாழ அதே அளவு கூடும். குளிர்காலத்தில் 88ல் நின்ற போர்டு என்றால் பவர் லிமிட்டில் பத்து, பதினைந்து வாட் குறைத்துக்கொள்ளுங்கள்.